பூனையின் லிட்டர் பெட்டி நாறுகிறதா? என்ன வாடை என்று முதலில் பாருங்கள்

எங்கள் வீடு சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. இரண்டு படுக்கையறை, ஒரு சின்ன பால்கனி, இரண்டு பூனைகள். மீனு பெட்டை, சோமு கடுவன். இருவரும் வெளியே போவதில்லை. அதனால் அவர்களுடைய கக்காவும் மூத்திரமும் வருடம் 365 நாளும் வீட்டுக்குள், லிட்டர் எனும் மண் போன்ற துகள் நிரப்பிய பெட்டியில்தான். ஆறு வருடமாக இதோடு மல்லுக்கட்டியதில் எனக்கு ஒன்று தெளிவானது. லிட்டர் நாற்றம் என்று ஒரே நாற்றம் கிடையாது. மூக்கை எரிக்கும் நெடி வேறு, குமட்டும் வீச்சம் வேறு, கவிச்சி வேறு, மக்கல் வாடை வேறு. நெடிக்குச் செய்ய வேண்டியதை வீச்சத்துக்குச் செய்தால் காசுதான் போகும், நாற்றம் போகாது. தமிழில் இத்தனை வாடைக்கும் தனித்தனிப் பெயர் இருப்பது இந்த வேலைக்குப் பெரிய வசதி. பெயர் சொல்லத் தெரிந்துவிட்டால் காரணத்தைப் பாதி பிடித்த மாதிரி.

அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். இன்னொன்று: உங்கள் ஆண் பூனை பெட்டிக்கு அடிக்கடி போய் முக்குகிறது, மூத்திரம் வரவில்லை என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். இப்போதே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். விவரம் கடைசிப் பகுதியில் இருக்கிறது.

நாற்றம் உண்மையில் எங்கிருந்து வருகிறது?

வீட்டிலேயே இருப்பவரின் மூக்கை நம்பாதீர்கள். ஒரே வாடையில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு பழகிவிடும், அப்புறம் அது இருப்பதே நமக்குத் தெரியாது. எங்களுக்குச் சொன்னது மேல்மாடி அம்மாதான். மாடிப்படியில் பார்த்தபோது, "தம்பி, தப்பா எடுத்துக்காதப்பா. உங்க வாசல்கிட்ட வந்தாலே மூக்கு எரியற மாதிரி இருக்கு" என்றார். அன்று எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் தரையோடு ஒட்டி நடக்கும் இரண்டு பூனைகள், நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான மூக்கை வைத்துக்கொண்டு, எத்தனை மாதமாக அந்த நெடிக்குள் போய் வந்தன என்று யோசித்தபோது அதைவிட அதிகமாக வலித்தது.

சோதனை எளிது. பூனைக்கு வேறொரு டப்பாவில் புது மண் போட்டு வைத்துவிட்டு (மண் என்று நான் சொல்வது லிட்டரைத்தான்), பழைய பெட்டியை மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ கொண்டுபோய் வையுங்கள். ஜன்னல்களை மூடிவிட்டு வெளியே கிளம்புங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் திறந்ததும் முதல் மூச்சில் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். வாடை காணாமல் போயிருந்தால் கோளாறு பெட்டியில். இன்னும் இருந்தால் மெத்தை, சோபா, மிதியடி, அழுக்குத்துணிக் கூடை இவற்றில் ஒன்றில் இருக்கிறது.

பெட்டியைக் குளியலறையில் வைத்திருப்பவர்கள் தரையிலுள்ள ஜாலியையும் பாருங்கள். ஜாலிக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். அதிகம் புழங்காத குளியலறையில் அது வற்றிவிடும். நாமோ பூனைமேல் பழி போட்டுக்கொண்டிருப்போம். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சில பூனைகளுக்கு ஜாலியின் மேலேயே மூத்திரம் பெய்யும் பழக்கமும் உண்டு. அப்படியானால் தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றித் தேய்க்க வேண்டும்.

கண்ணும் மூக்கும் எரியும் நெடி

பெரும்பாலான வீடுகளில் இதுதான் பிரச்சினை.

பூனை பெய்தவுடன் மூத்திரம் அவ்வளவாக நாறாது. அதிலுள்ள யூரியாவுக்கு வாடை கிடையாது. மண்ணிலும் பெட்டியிலும் இருக்கும் பாக்டீரியா அந்த யூரியாவை உடைக்கும்போதுதான் அமோனியா கிளம்புகிறது. எரிச்சல் அதனால்தான். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப் பூனை. குறைந்த தண்ணீரில் வாழத் தோதான சிறுநீரகம் அதன் சந்ததிக்கும் அப்படியே வந்திருக்கிறது. மூத்திரம் கெட்டியாக வரும், யூரியாவும் அதில் அதிகம்.

ஆக, நெடி அடிக்கிறது என்றால் எங்கேயோ மூத்திரம் அள்ளப்படாமல் நாள்கணக்கில் கிடக்கிறது என்று பொருள். அது எந்த இடம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஸ்கூப்பை (மண்ணிலிருந்து கட்டியை அள்ளும் ஓட்டைக் கரண்டி) எடுத்துப் பெட்டியின் அடி தட்டும்வரை, நான்கு மூலையிலும் கிளறிப் பாருங்கள்.

மேலே காய்ந்து, அடியில் சேறாக ஒட்டியிருக்கிறதா? மண் போதவில்லை. கட்டி பிடிக்கும் மண் பெரும்பாலும் பென்டோனைட். நம் நாட்டில் குஜராத்தின் கச்சிலும் ராஜஸ்தானின் பார்மேரிலும் வெட்டியெடுக்கும் களிமண் வகை அது. ஈரம் பட்டதும் உப்பி, சுற்றியுள்ள மண்ணையும் சேர்த்து உருண்டையாகப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிக்க ஆழம் வேண்டும். 5 முதல் 8 செ.மீ. உயரம் மண் இருக்க வேண்டும். நடுவிரலைக் குத்திப் பார்த்தால் முக்கால்வாசியாவது உள்ளே போக வேண்டும். மண் விலை அதிகம் என்று இரண்டு செ.மீ. மட்டும் பரப்பினால் மூத்திரம் நேரே அடிக்குப் போய் பிளாஸ்டிக்கில் அப்பிக்கொள்ளும். சிக்கனம் என்று நினைத்துச் செய்வதுதான் மண்ணைச் சீக்கிரம் கெடுக்கிறது. நானும் முதல் ஒரு வருடம் இப்படித்தான் செய்தேன்.

கட்டி உடைந்து உதிர்கிறதா? பூனை பெய்த சூட்டோடு அள்ளாதீர்கள். கொஞ்ச நேரம் விட்டால் கட்டி இறுகும். ஸ்கூப்பைக் கட்டியின் நடுவில் குத்தாமல் பக்கத்திலிருந்து அடியில் விட்டுத் தூக்குங்கள். உடைந்த ஈரத் துணுக்குகள் ஸ்கூப்பின் ஓட்டை வழியாக மறுபடி மண்ணிலேயே விழும். கண்ணுக்குப் பெட்டி சுத்தமாகத் தெரியும், ஆனால் மூத்திரம் முழுக்கப் பரவியிருக்கும். அள்ளிய அளவுக்குப் புது மண்ணை அவ்வப்போது மேலே சேர்த்துக்கொண்டே வாருங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் உதிர்ந்தால் அந்த மண்ணின் தரம் அவ்வளவுதான். அடுத்த முறை வேறு வாங்குங்கள்.

எத்தனை முறை அள்ளுவது? காலையில் ஒன்று, இரவு படுக்கும் முன் ஒன்று. அதற்குக் குறையக்கூடாது. பூனைகளின் எண்ணிக்கையைவிடப் பெட்டி ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இரண்டு பூனைக்கு மூன்று பெட்டி. எங்கள் வீட்டில் மூன்றுக்கு இடமில்லை, இரண்டுதான் இருக்கின்றன. அதற்கு ஈடாக மாலையில் வேலை முடிந்து வந்ததும் மூன்றாவது முறை அள்ளுகிறேன். பெட்டி பூனையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். சின்னப் பெட்டியில் ஒரே மூலையில் திரும்பத் திரும்பப் பெய்து அந்த மூலை மட்டும் ஊறிப்போகும்.

முழு மண்ணையும் மாற்றிய இரண்டே நாளில் நெடி திரும்பிவிடுகிறதா? அப்படியானால் பெட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும். பூனை கிளறக் கிளற பிளாஸ்டிக் அடியில் நகக் கீறல்கள் விழும். அந்தக் கீறல்களுக்குள் மூத்திரம் இறங்கிவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் வராது. காலிப் பெட்டியைக் கழுவிக் காயவைத்து முகர்ந்து பாருங்கள். வாடை வந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். பிளாஸ்டிக் பெட்டியை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. நாங்கள் பாத்திரக் கடையில் ஆழமான, சதுரமான ஸ்டீல் தட்டு வாங்கிவிட்டோம். விலை கூடுதல்தான், ஆனால் வாடை ஊறுவதில்லை, கழுவுவதும் சுலபம். நான் செலவழித்ததிலேயே உருப்படியான செலவு அதுதான் என்பேன்.

கட்டி பிடிக்கும் மண்ணை ஒழுங்காக அள்ளிவந்தால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றினால் போதும். மாற்றும் அன்று பாத்திரம் தேய்க்கும் திரவமும் வெந்நீரும் விட்டுத் தேய்த்து, கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் அலசுங்கள். அமோனியா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் நெடி அடங்கும். அப்புறம் நன்றாக வெயிலில் காயவையுங்கள். ஈரத்தோடு மண் கொட்டினால் செய்த வேலை வீண்.

சோடா உப்பு போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெட்டியின் அடியில் லேசாகத் தூவினால் கெடுதல் இல்லை. புளித்த வாடையைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் அமோனியா காரம், சோடா உப்பும் காரம். காரத்தைக் காரம் அடக்காது. நெடி அடிக்கும் பெட்டியில் அரைப் பொட்டலத்தைக் கொட்டினால் பூனை அந்தப் பெட்டியையே வேண்டாம் என்று சொல்லிவிடும், அவ்வளவுதான். அடுப்புச் சாம்பலும் இதே கதை. சாம்பலின் காரம் அமோனியாவை இன்னும் வேகமாகக் கிளப்பிவிடும்.

ஆற்று மணலோ எம்-சாண்டோ போடுபவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அதில் தவறில்லை. 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட் லோ என்பவர் களிமண் துகள்களைப் பூனைப் பெட்டிக்கென்று விற்கத் தொடங்கும்வரை அங்கேயும் மணலும் சாம்பலும்தான். ஆனால் மணல் மூத்திரத்தை உறிஞ்சாது. அப்படியே வடிந்து அடியில் நிற்கும். அதனால் கட்டி பிடிக்கும் மண்ணுக்குச் சொன்ன கணக்கு இதற்குப் பொருந்தாது. இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை மொத்த மணலையும் மாற்ற வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால், மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கட்டி பிடிக்கும் மண்ணே கட்டுப்படியாகும்.

மூடி போட்ட பெட்டி, வாசல் வைத்த பெட்டி இவற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வாடை நமக்குத்தான் குறையும். உள்ளே போகும் பூனைக்கு அது இரட்டிப்பு.

மழைக்காலத்தில் மட்டும் வரும் வாடை

ஏப்ரல், மே மாதங்களில் ஒரு தொந்தரவும் இல்லை, அக்டோபர் பிறந்ததும் ஆரம்பிக்கிறது என்றால் உங்கள் பழக்கத்தில் குறை இல்லை, காற்றிலுள்ள ஈரம்தான் காரணம். வடகிழக்குப் பருவமழை டிசம்பர்வரை போகும். அந்த மூன்று மாதமும் மண் காயவே காயாது. பென்டோனைட் காற்றின் ஈரத்தையே இழுத்துக்கொண்டு நமத்துப்போகும், கட்டியும் சரியாகப் பிடிக்காது. சோயாவில் செய்த டோஃபு லிட்டரில் பூஞ்சை பிடித்து மக்கல் வாடை வரும், சமயத்தில் சின்னப் பூச்சிகளும் வரும். பூஞ்சை கண்டால் யோசிக்காமல் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். மரத்தூள் குச்சி வகையும் ஈரத்தில் உதிர்ந்துவிடும்.

செய்ய வேண்டியவை: பிரித்த மூட்டையை அப்படியே வைக்காமல் மூடி இறுக்கமான டப்பாவில் கொட்டி வையுங்கள். பெட்டி குளியலறையில் இருந்தால் மழைக்காலம் முடியும்வரை வெளியே, காற்றோட்டமான மூலைக்கு மாற்றுங்கள். ஒரேயடியாக மாற்றாமல் தினம் கொஞ்சமாக நகர்த்தினால் பூனை மிரளாது. சாப்பாட்டுத் தட்டுக்கும் தண்ணீருக்கும் பக்கத்தில் மட்டும் வேண்டாம். முழு மண் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் அந்த மாதங்களில் அதை நிறுத்தவே வேண்டாம்.

குமட்டும் கக்கா வீச்சம்

பூனை கக்கா நாறத்தான் செய்யும். புலால் உண்ணும் பிராணி. ஆனால் பூனை போய்முடித்த பத்து நிமிடத்தில் வாடை அடங்கிவிட வேண்டும், மண் போட்டு மூடியிருந்தால் அடங்கிவிடும். மூடாமல் விட்டுப் போகிறதா? மண் குறைவாக இருக்கிறதா, பெட்டி சின்னதா, மண் காலில் குத்துகிறதா என்று பாருங்கள். சில பூனைகள் எது செய்தாலும் மூடாது. மீனு அப்படித்தான். நாங்கள் வீட்டில் இருந்தால் உடனே அள்ளிவிடுகிறோம், வேறு வழியில்லை.

வழக்கத்தைவிட வீச்சம் கூடினால் கடந்த ஒரு வாரத்தில் சாப்பாட்டில் என்ன மாறியது என்று யோசியுங்கள். புதுத் தீனியை ஒரே நாளில் மாற்றினால் வயிறு கெடும். பழையதோடு கலந்து 7 முதல் 10 நாளில் படிப்படியாக மாற்ற வேண்டும். அப்புறம் பால். பூனைக்குப் பால் ஊற்றுவது நம் வீடுகளில் பாசத்தின் அடையாளம், எனக்குப் புரிகிறது. என் அம்மாவும் ஊருக்கு வந்தால் முதலில் செய்வது அதுதான். ஆனால் வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால்சர்க்கரை செரிக்காது. வயிற்றுப்போக்கும் புளித்த நாற்றமும் வரும். ஒரு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். பல வீடுகளில் கதை அதோடு முடியும்.

பாலும் இல்லை, தீனியும் மாறவில்லை, ஆனாலும் கூழாக, சளியோடு, தாங்கமுடியாத வீச்சத்தோடு போகிறது என்றால் குடற்புழுவாக இருக்கலாம், ஜியார்டியா மாதிரி ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். இதைப் பெட்டி மாற்றித் தீர்க்க முடியாது. புது மலத்தைக் கொஞ்சம் ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனால் பரிசோதனைக்கு அனுப்புவார். ரத்தம் இருந்தாலோ, பூனை சாப்பிடாமல் சுருண்டு படுத்திருந்தாலோ அன்றே போங்கள். குட்டி என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள், உடம்பில் நீர் வற்றுவது குட்டிகளுக்கு மிக வேகமாக நடக்கும்.

கவிச்சி அடிக்கிறதா? அழுகிய மீன் மாதிரி, பெட்டியைவிடப் பூனையின்மேல்தான் அதிகமாக வருகிறதா? அது ஆசனவாய்ப் பக்கத்திலுள்ள சுரப்பியின் திரவம். பயந்தபோது கொஞ்சம் கசியும், துடைத்தால் போகும். அடிக்கடி வந்தால், பூனை பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு போனால், மருத்துவர் பார்க்கட்டும்.

சுவரிலும் கதவிலும் கடுவன் வாடை

கருத்தடை செய்யாத கடுவன் வளர்த்தவர்களுக்கு இந்த வாடையை விளக்கத் தேவையில்லை. அமோனியாவோடு இன்னொன்றும் சேர்ந்த, தொண்டையில் ஒட்டும் முடை நாற்றம். பூனை மூத்திரத்தில் ஃபெலினின் என்றொரு அமினோ அமிலம் இருக்கிறது. அது சிதையும்போது கந்தகம் கலந்த சேர்மங்கள் வெளிவரும். கருத்தடை செய்யாத ஆணின் மூத்திரத்தில்தான் இது மிக அதிகம். நான் இங்கே இருக்கிறேன் என்று மற்ற பூனைகளுக்குச் சொல்வதற்கான வாடை அது.

பெட்டியை எவ்வளவு தேய்த்தாலும் இது போகாது, ஏனென்றால் பாதி மூத்திரம் பெட்டியில் இருப்பதே இல்லை. வாலை நிமிர்த்தி, நுனியை நடுக்கிக்கொண்டு சுவர், கதவு, திரை, பீரோ என்று செங்குத்தான இடங்களில் பீய்ச்சும். முழங்கால் உயரத்துக்குக் கீழே சுவரைத் தடவிப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். தீர்வு கருத்தடைதான். ஐந்து, ஆறு மாத வயதில், பீய்ச்சும் பழக்கம் தொடங்கும் முன்பே செய்துவிட்டால் பெரும்பாலும் இந்தப் பிரச்சினையே வராது. தொடங்கிய பிறகு செய்தாலும் பெரும்பாலான பூனைகள் நிறுத்திவிடும், வாடையின் வீரியமும் குறையும். பாவம், அறுத்துக் கஷ்டப்படுத்த வேண்டுமா என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெட்டையைத் தேடி ஜன்னலில் மோதிக்கொண்டு இரவெல்லாம் கத்தும் கடுவனின் கஷ்டம் அதைவிடப் பெரியது.

கருத்தடைக்குப் பிறகும் பீய்ச்சினால், ஜன்னலுக்கு வெளியே தெருப் பூனை வந்து உட்கார்கிறதா என்று கவனியுங்கள். ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்தாலே நிற்கலாம்.

பெட்டி சுத்தம், ஆனால் வீடு நாறுகிறது

முதல் சோதனையில் பெட்டி தப்பித்துவிட்டதென்றால் பூனை வேறெங்கோ போயிருக்கிறது. கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் தரையோரம், மெத்தை, சோபா, மிதியடி என்று அடித்துப் பாருங்கள். பழைய மூத்திரக் கறை மஞ்சள் பச்சையாக ஒளிரும். சோப்புக் கறையும் ஒளிரும், ஆகவே முகர்ந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சோப்புப் போட்டுத் துவைத்த மெத்தை பத்து நாள் கழித்து, ஈரக் காற்று அடித்த அன்று மறுபடி நாறுவது ஏன்? மூத்திரத்தில் யூரிக் அமிலமும் உண்டு. அது தண்ணீரில் எளிதில் கரையாது. இழைகளுக்குள் படிகமாகத் தங்கி, ஈரம் பட்டதும் வாடையைக் கிளப்பும். இதற்கு என்ஸைம் கிளீனர்தான் வேண்டும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. மேலாகத் தெளித்துத் துடைத்தால் பலனில்லை. மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் நனைத்து, புட்டியில் சொன்ன நேரம் ஊறவிட்டு, தானாகக் காயவிடுங்கள். பழைய கறைக்கு இரண்டு, மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

கூடவே, பூனை ஏன் பெட்டியை விட்டுப் போனது என்றும் பார்க்க வேண்டும். அள்ளாத பெட்டி, புது மண், வாசனை மண், வாஷிங் மெஷின் சத்தம், மற்றப் பூனை வழிமறிப்பது, மூத்திரப்பையில் வலி, இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும். அடிப்பதாலும் மூக்கைக் கறையில் தேய்ப்பதாலும் எதுவும் மாறாது. அதற்கு நம்மேல் பயம் வரும், அடுத்த முறை கட்டிலுக்கு அடியில் ஒளிந்து பெய்யும்.

வாசனை போட்ட பிறகு இன்னும் மோசம்

மேல்மாடி அம்மா சொன்ன அன்று மாலை நான் செய்த காரியத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பால்கனியில் பெட்டி இருந்த இடம் முழுக்க பினாயில் ஊற்றித் துடைத்தேன். ஒரு மணி நேரத்தில் மீனு அதன்மேல் நடந்து, பாதத்தை நக்கி, வாயில் நுரை தள்ள நின்றாள். நல்லவேளை, நக்கியது கொஞ்சம்தான். பாதங்களைக் கழுவிவிட்டு ஓடினோம், மருத்துவர் பார்த்து அனுப்பினார். பூனையின் கல்லீரலுக்கு ஃபீனால் வகைச் சேர்மங்களை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பினாயில், டெட்டால் போல, தண்ணீரில் ஊற்றினால் பாலாக வெளுக்கும் எதையும் பூனை நடக்கும் தரையில் ஊற்றாதீர்கள். பாச்சை உருண்டை, கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் இவையும் பூனைக்கு நஞ்சு. சாம்பிராணிப் புகை மூச்சுக்குழாயை உறுத்தும். பூனை இருக்கும் அறையில் வேண்டாம்.

பிளீச்சிங் பவுடரும் பிளீச் திரவமும் நமக்கே ஆபத்து. மூத்திரத்தின் அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமீன் என்ற நச்சு வாயு வரும். மூடிய குளியலறையில் பெட்டியைப் போட்டு பிளீச் ஊற்றிக் கழுவவே கூடாது. பிளீச்சோடு வினிகரையோ கழிப்பறை ஆசிடையோ கலந்தால் குளோரின் வாயு வரும், அது இன்னும் மோசம்.

வாசனை சேர்த்த மண்ணையும் தவிர்த்துவிடுங்கள். மல்லிகையும் லாவண்டரும் நமக்குத்தான் பிடிக்கும். அந்த வாசனை ஒத்துக்கொள்ளாத பூனை பெட்டியை விட்டுவிட்டு சோபாவுக்குப் போய்விடும்.

அள்ளியதை எங்கே போடுவது

கழிப்பறையில் கொட்டாதீர்கள். பென்டோனைட் குழாய்க்குள் உப்பி அடைத்துக்கொள்ளும். பையில் போட்டு இறுக்கிக் கட்டி, இன்னொரு பையில் வைத்து, மூடியுள்ள தனித் தொட்டியில் போட்டு, தினமும் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிடுங்கள். சில வீடுகளில் நாறுவது பெட்டியே இல்லை, பக்கத்தில் மூன்று நாளாகக் கிடக்கும் இந்தப் பைதான். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பெட்டி வேலையை வேறொருவர் பார்க்கட்டும். டாக்ஸோபிளாஸ்மா கிருமி மலத்தில் வெளியேறிய பிறகு தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும் என்பதால், தினமும் அள்ளுவது இந்த விஷயத்திலும் நல்ல காவல்.

கட்டிகளின் கணக்கு மாறினால்

தினமும் அள்ளும்போது கட்டிகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான பூனை நாளுக்கு இரண்டிலிருந்து நான்கு முறை மூத்திரம் போகும். உங்கள் பூனையின் வழக்கமான எண்ணிக்கையும் அளவும் ஒரே வாரத்தில் கைக்குப் பழகிவிடும்.

கட்டிகள் திடீரென்று பெரிதாகி, எண்ணிக்கையும் கூடி, பூனை தண்ணீர்க் கிண்ணமே கதி என்று இருந்தால் நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு இவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வயதான பூனைகளில் இது அடிக்கடி வரும். சின்னச் சின்னக் கட்டியாக நிறைய இருந்தால், இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், மூத்திரப்பை அழற்சியாக இருக்கலாம்.

கட்டியே இல்லை என்றால் அதுதான் அவசரம். ஆண் பூனையின் மூத்திரக் குழாய் மிகக் குறுகல். படிகமோ சளியோ அடைத்துக்கொண்டால் ஒரு சொட்டும் வராது. பெட்டிக்குப் போய்ப்போய் முக்கும், கத்தும், குறியை நக்கிக்கொண்டே இருக்கும். மலச்சிக்கல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகம் செயலிழந்து, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயம் நின்றுவிடும். காலைவரை பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள்.

சோமுவுக்கு மூன்று வயதில் இது வந்தது. அன்று இரவு அள்ளும்போது ஒரு பெட்டியில் மீனுவின் கட்டிகள் இரண்டு, மற்றதில் ஒன்றுமே இல்லை. வாடையும் இல்லை. சோமு எப்போதும் போகும் பெட்டி அது. தேடிப் பார்த்தால் குளியலறை மூலையில் குனிந்து உட்கார்ந்திருந்தான். வயிற்றைத் தொட்டதும் கத்தினான், உள்ளே எலுமிச்சைபோல் கல்லாக இருந்தது. பதினோரு மணிக்கு ஆட்டோ பிடித்தோம். மயக்கம் கொடுத்து, குழாய் போட்டு, மூன்று நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து அவனுக்கு ஈரத் தீனி, வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம். தண்ணீர் அதிகம் குடித்தால் மூத்திரம் நீர்க்கும், படிகம் சேர்வது குறையும், நெடியும் குறையும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அவன் பெட்டியில் மண் கிளறும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். நல்ல பெரிய கட்டி. அள்ளி எடுத்து மருத்துவருக்குப் படம் அனுப்பினேன்.